டிவிஆர் பெட்டிக்கு இல்லாத பயம்

புத்தளத்துப் பாலாவிச் சந்தியில் கல்பிட்டி வீதி பிரியும் இடத்துக்குக் கிட்ட ஒரு சின்னக் கடை. போட்டோ கொப்பி, லெமினேட்டிங், ரீலோட், பள்ளிப் பிள்ளைகளின் அசைன்மென்ட் எல்லாம் அங்கே ஆகும். முதலாளி கட்டாரில். கடையைப் பார்த்துக்கொள்வது அவருடைய மச்சான். கணக்கு முழுவதும் மேசைக்கடியில் நிற்கும் ஒரு பழைய டெஸ்க்டொப் கணினியில் இருக்கிறது. வேலை விட்டு அறைக்கு வந்ததும் எனிடெஸ்க் என்ற மென்பொருள் வழியாக அதற்குள் நுழைந்து, அன்றைய வரவு செலவை ஒத்துப் பார்ப்பது முதலாளியின் பழக்கம்.

கரண்ட் இருக்கும் நாட்களில் இந்த ஏற்பாடு அழகாக ஓடும். பின்னேரம் கடை சாத்திய பிறகு ஐந்து நிமிடம் கரண்ட் போய் வந்தால் போதும், கணினி படுத்துவிடும். கரண்ட் வந்த பிறகும் எழும்பாது. கட்டாரிலிருந்து அழைப்பு வரும். மச்சான் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு மோட்டர் சைக்கிளை உதைத்து, சந்திக்கு வந்து, ஷட்டரைத் தூக்கி, ஒரு பொத்தானை அமுக்கிவிட்டுத் திரும்பிப் போவார். வந்தது ஒரு விரல் வேலைக்கு. எரிந்தது பெற்றோல்.

இதற்கு ஒரு வழி இல்லையா என்று கணினி திருத்துபவரிடம் கேட்டபோது கிடைத்த பதில்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "அது பயோஸ்ல உள்ள வேல நாநா. அதுல கைய வெச்சா மதர்போர்ட் போயிரும். கம்பெனிக்காரன் வெச்ச மாதிரியே இரிக்கட்டும். அதோட, கரண்ட் வந்த உடனே தானா எழும்பினா ஹாட் டிஸ்க் செத்திரும்."

இதைச் சொன்னபோது அவர் நின்ற இடத்துக்கு நேர் மேலே, இறாக்கையில், ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. கடையின் நாலு கமெராக்களும் வந்து சேரும் டிவிஆர் பெட்டி. அதற்குள்ளும் ஒரு புரோசசர் இருக்கிறது, மெமரி இருக்கிறது, இரவும் பகலும் சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு ஹாட் டிஸ்க் இருக்கிறது. இப்படிப்பட்ட பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குள் ஓடுவது லினக்ஸ். சுருக்கமாக, அதுவும் ஒரு கணினிதான். கரண்ட் போனால் அணையும். கரண்ட் வந்ததும் ஒரு 'பீப்' சத்தம் போட்டுவிட்டுத் தானாக எழும்பிப் பதிவைத் தொடங்கிவிடும். அதை எழுப்ப மச்சான் ஒரு நாளும் மோட்டர் சைக்கிளில் வந்ததில்லை. அதன் ஹாட் டிஸ்க் செத்துவிடும் என்று யாரும் பதறியதுமில்லை. அதைப் பொருத்திக் கொடுத்தவரே இந்தத் திருத்துநர்தான்.

டிவிஆர் பெட்டியைச் செய்தவன் 'கரண்ட் வந்தால் எழும்பு' என்று தானே முடிவெடுத்து அனுப்பிவிட்டான். கணினியைச் செய்தவன் அந்த முடிவை வாங்குகிறவரிடம் விட்டிருக்கிறான். விட்ட இடத்தின் பெயர் பயோஸ். வாங்கியவரோ, கேட்ட கேள்விக்குப் பதில் எழுதாமல் வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டு, பரீட்சை கஷ்டம் என்று புலம்புகிறார்.

பயோஸுக்குள் போக, கணினியைப் போட்டவுடன் ஒரு கீயை அமுக்க வேண்டும்: டெல் நிறுவனத்துக் கணினி என்றால் எஃப்2, எச்பி என்றால் எஃப்10, லெனோவோ என்றால் பெரும்பாலும் எஃப்1, கடையில் பொருத்திக் கொடுத்தது என்றால் அநேகமாக டிலீட் கீ. அதை அமுக்கினால் நீலமோ சாம்பலோ நிறத்தில் ஒரு திரை வரும். பவர் என்று தலைப்பிட்ட பக்கத்தில், 'ரிஸ்டோர் ஒன் ஏசி பவர் லொஸ்' என்றோ 'ஆஃப்டர் பவர் லொஸ்' என்றோ 'ஏசி ரெகவரி' என்றோ ஒரு வரி இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும், விஷயம் ஒன்றுதான். அதில் மூன்று தெரிவுகள்: அணைந்தே கிட, எழும்பு, முன்பு எப்படி இருந்தாயோ அப்படி இரு. பெரும்பாலான போர்ட்களில் கம்பெனி வைத்து அனுப்புவது முதலாவதை. கரண்ட் போவது அதிசயமாக இருக்கும் ஊர்களுக்கு அது பொருந்தும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் இருட்டில் கிடந்த நாட்டுக்கு அதுதான் பாதுகாப்பானது என்று நம்புவதற்கு ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

கரண்ட் திரும்பி வரும்போது வோல்டேஜ் ஏறி இறங்கும், அப்போது கணினி எழும்பினால் பவர் சப்ளை எரியும் என்று ஒரு பேச்சு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1995இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் முறைக்குப் பிறகு, மேசைக் கணினியின் முன்பக்கப் பொத்தான் கரண்டை வெட்டும் சுவிட்ச் அல்ல. அதற்கு முந்திய கணினிகளில் தடித்த சுவிட்ச் ஒன்று இருந்தது. டக் என்று தட்டினால் 230 வோல்ட்டும் அங்கேயே அறுந்துபோகும். இப்போதுள்ள பொத்தான் போர்டுக்கு ஒரு விண்ணப்பம் போடுகிறது, அவ்வளவுதான். கணினி 'அணைந்து' கிடக்கும்போதும் பிளக் சுவரில் இருந்தால் சப்ளைக்குள் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். ஊதா நிற வயர் ஒன்று போர்டுக்கு 5 வோல்ட்டை விடாமல் கொடுத்துக்கொண்டிருக்கும். நம்பிக்கை இல்லாதவர்கள் இரவில் லைட்டை அணைத்துவிட்டு, கணினியின் பின்பக்கம் நெட்வேர்க் வயர் குத்தும் துளையைப் பார்க்கட்டும். பல கணினிகளில் அங்கே ஒரு சின்னப் பச்சை விளக்கு விழித்துக்கொண்டிருக்கும்.

அப்படியானால் ஏறி இறங்கும் வோல்டேஜ் யாரைத் தாக்கும்? எழும்பின கணினியின் சப்ளையையும் தாக்கும், படுத்துக் கிடக்கும் கணினியின் சப்ளையையும் தாக்கும். பிளக்கைச் சுவரில் விட்டுவிட்டு, பயோஸில் 'அணைந்தே கிட' என்று வைத்திருப்பது, கதவைத் திறந்துபோட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு படுப்பது மாதிரி. வோல்டேஜுக்கு மருந்து ஒரு நல்ல யூபிஎஸ். பக்கத்திலேயே அதே சுவரில், அதே வோல்டேஜில், டிவிஆர் பெட்டி எழும்பி வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. அதற்கு யூபிஎஸ்ஸும் கிடையாது.

பெரிய சேர்வர் கணினிகளில் இந்தத் தெரிவோடு தாமத நேரமும் சேர்ந்து வருகிறது. டெல் நிறுவனத்தின் பவர்எட்ஜ் சேர்வரில், கரண்ட் வந்ததும் உடனே எழும்பு, இத்தனை வினாடி கழித்து எழும்பு, மனம்போன ஒரு வினாடியில் எழும்பு என்று மூன்று விதமாகவும் சொல்லிவைக்கலாம். ஐம்பது சேர்வர்கள் ஒரே நொடியில் எழும்பிக் கரண்டை இழுக்காமல் இருக்கத்தான் அந்த மூன்றாவது. தானாக எழும்புவது ஆபத்து என்றால், கோடிக்கணக்கில் பணம் புரளும் இடங்களில் இதையெல்லாம் எதற்காகச் செய்துவைத்திருக்கிறார்கள்?

போர்ட் செத்துப்போகும் என்ற பயத்துக்கு ஒரு பழங்கதை உண்டு. 1998இல் தாய்வான் மாணவர் ஒருவர் எழுதிவிட்ட சிஐஎச் என்ற வைரஸ், அடுத்த வருடம் ஏப்ரல் 26ஆம் திகதி உலகமெங்கும் வெடித்தது. செர்னோபில் அணு உலை விபத்தும் அதே திகதியில் நடந்ததால் அதற்குச் செர்னோபில் வைரஸ் என்றும் பெயர் விழுந்தது. அது பயோஸ் இருக்கும் சிப்பையே அழித்து எழுதியது. போர்ட்கள் உண்மையாகவே செத்தன. பயோஸை அப்டேட் பண்ணும்போது நடுவில் கரண்ட் போனாலும் போர்ட் சாகலாம். இரண்டிலும் நடப்பது ஒன்று: பயோஸ் என்ற புரோகிராமே கிழிகிறது. ஒரு தெரிவை மாற்றுவதற்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. புத்தகத்தைக் கிழிப்பதும் புத்தகத்தில் அடையாளத்துக்குத் தாள் செருகுவதும் ஒன்றா? கால் நூற்றாண்டுக்கு முந்திய பயத்தைப் பெட்டியில் பூட்டி வைத்து, வாடிக்கையாளருக்கு எடுத்து எடுத்துக் காட்டுகிறார்கள்.

தெரிவை மாற்றி ஏதாவது பிசகினால் பழையபடி ஆக்குவதற்கு அதே திரையில் ஒரு கீ இருக்கிறது, பல போர்ட்களில் எஃப்9. அதுவும் முடியாவிட்டால், மேசைக் கணினியின் போர்டில் இரண்டு கம்பி முனைகளைச் சேர்த்தால் எல்லாம் கம்பெனி வைத்த மாதிரிக்கே திரும்பிவிடும். பயோஸுக்குள் புரோசசரின் வோல்டேஜை மாற்றும் பக்கமும் இருக்கிறது, உண்மை. அங்கே போகாமல் இருந்தால் சரி. குசினியில் கத்தி இருக்கிறது என்பதற்காக உப்பு எடுக்கப் போகாமல் இருப்பவர் யார், அதுவும் உப்பு விளையும் புத்தளத்தில்?

பயத்தில் நடப்பது இன்னொன்றும் உண்டு.   இந்த ஊரில் கணினிக்குப் பாதுகாப்பு என்று ஒவ்வோர் இரவும் பிளக்கைப் பிடுங்கி, காலையில் மறுபடி குத்துகிறார்கள். இடி மின்னல் நாளில் பிடுங்குங்கள், அது புத்திசாலித்தனம். வருடம் முழுக்கப் பிடுங்குவதால் நடப்பது வேறு. போர்டில் ஓர் ஐந்து ரூபாய்க் குற்றி மாதிரி ஒரு பெட்டரி இருக்கிறது. சிஆர்2032 என்று அதன் முகத்தில் எழுதியிருக்கும், 3 வோல்ட். கணினிக்குள் நேரம் காட்டும் கடிகாரத்தை, வினாடிக்கு 32,768 தடவை அதிரும் ஒரு சின்னப் பளிங்குத் துண்டை, அதுதான் ஓட்டுகிறது. ஆனால் பிளக் சுவரில் இருக்கும்வரை அந்தக் கடிகாரம் ஊதா வயரின் தயவில் ஓடும். பெட்டரி சும்மா இருக்கும். பிளக்கைப் பிடுங்கினால்தான் பெட்டரி வேலைக்கு வரும். இரவு தோறும் பிடுங்கினால் அது சீக்கிரம் வற்றும்.

வற்றினால் என்ன ஆகும் என்பதைப் பாலாவியிலும் பார்க்கலாம், புத்தளம் டவுனிலும் பார்க்கலாம். கணினியைப் போட்டதும் கறுப்புத் திரையில் எஃப்1 அமுக்கச் சொல்லும். உள்ளே போனால் திகதி பல வருடம் பின்னால் போயிருக்கும். பில்லில் 2010ஆம் ஆண்டு விழும். வங்கி இணையத்தளம் திறக்காது, ஏனென்றால் அதன் பாதுகாப்புச் சான்றிதழ் இந்தக் கணினியின் கணக்கில் இன்னும் பிறக்கவே இல்லை. 'பயோஸ் குழம்பிட்டு' என்று கணினியைத் தூக்கிக்கொண்டு போனால், அங்கே விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டு, அதற்கு ஒரு கூலியும் வாங்கி, கடைசியில் போகிற போக்கில் அந்தக் குற்றி பெட்டரியை மாற்றிக் கொடுப்பார்கள். நோய் தீர்ந்தது பெட்டரியால். பெயர் வாங்கியது ஃபோர்மட்.

திருத்துநர்கள் விஷயத்தில் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். பயோஸைத் தொடாதே என்று ஊருக்குச் சொல்பவர்களில் சிலர், விற்ற கணினியின் பயோஸுக்குக் கடவுச்சொல் போட்டு வைக்கிறார்கள். வாடிக்கையாளருக்கு அந்தச் சொல் தெரியாது. காசு கொடுத்து வாங்கிய வீட்டில் ஓர் அறையின் சாவியை மேசன் பாஸ் கொண்டு போனால் யார் விடுவார்கள்? பாடசாலைகளின் கதை இன்னும் மோசம். 'அடிப்படை உள்ளீட்டு வெளியீட்டு முறைமை' என்று பிள்ளைகள் மனனம் செய்து பரீட்சையில் எழுதுகிறார்கள், புள்ளியும் கிடைக்கிறது. அந்தத் திரையைக் கண்ணால் கண்ட பிள்ளைகள் ஒரு வகுப்பில் எத்தனை பேர்? கணினி அறையில் ஒவ்வொரு கணினிக்கும் புடவைத் துணியில் தைத்த உறை. அறைக்குப் பூட்டு. நீச்சலைக் கரும்பலகையில் படிப்பிக்கிற மாதிரி.

பாலாவிக்காரர்களுக்கு 'கரண்ட் வந்தால் எழும்புவது' என்ற விஷயத்தை வெளியூர்க்காரர் வந்து விளக்க வேண்டியதில்லை. கல்பிட்டி வீதியில் போனால் நுரைச்சோலை. அங்கே கடற்கரையில் லக்விஜய நிலக்கரி மின் நிலையம், 300 மெகாவாட் வீதம் மூன்று இயந்திரங்கள். முதலாவது 2011இல் வந்தது, மற்ற இரண்டும் 2014க்குள். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதாக மின்சக்தி அமைச்சர் சொன்னார். நாடு முழுக்க இருட்டு. நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றன. மாலைக்குள் பல இடங்களுக்குக் கரண்ட் வந்தது, ஆனால் நுரைச்சோலை உடனே எழும்பவில்லை. அடுத்து வந்த நாட்களில் ஒன்றரை மணி நேரம் வீதம் மின்வெட்டு. 2020 ஓகஸ்ட் 17இலும் இதே கதைதான். அப்போது தொடங்கிய இடம் கெரவலப்பிட்டி.

நிலக்கரி இயந்திரம் எழும்பாமல் கிடப்பதற்கு நியாயம் உண்டு. கொதிகலன் சூடேற வேண்டும். காற்றடிக்கும் விசிறிக்கும் தண்ணீர் தள்ளும் பம்புக்கும் கரி அரைக்கும் ஆலைக்கும் முதலில் வெளியிலிருந்து கரண்ட் வர வேண்டும். கரண்ட் செய்யும் இடத்துக்கே கரண்ட் கடன் கொடுக்க வேண்டும். அதனால்தான் நாடு முழுக்க இருண்டால் மலைநாட்டு நீர் மின் நிலையங்களை முதலில் எழுப்பி, பகுதி பகுதியாக வயரை உயிர்ப்பித்துக்கொண்டு வருகிறார்கள். யார் முதலில், யார் பிறகு என்பதெல்லாம் முன்கூட்டியே எழுதிவைத்த ஒழுங்கு. 900 மெகாவாட்டுக்கு அப்படி ஓர் ஒழுங்கு தேவை என்பதை ஏற்றுக்கொள்கிறவர்கள், மேசைக்கடியில் கிடக்கும் கணினிக்கு ஒரு வரி எழுதிவைப்பதை மட்டும் விபரீதம் என்கிறார்கள். மச்சானின் கணினியில் கொதிகலன் எதுவும் இல்லை. டிவிஆர் பெட்டியிலும் இல்லை.

எழும்புவது கரண்டோடு மட்டும் முடிவதில்லை. அதே பவர் பக்கத்தில் ஓர் அலாரமும் இருக்கும். காலை ஏழே முக்காலுக்கு எழும்பு என்று வைத்தால், ஷட்டர் தூக்கும் நேரத்துக்குக் கணினி தயாராக நிற்கும். 'வேக் ஒன் லேன்' என்ற தெரிவு 1990களின் நடுப்பகுதியிலிருந்து இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட அமைப்பில் 102 பைட் அளவுள்ள ஒரு செய்தி நெட்வேர்க் வயர் வழியாக வந்தால், அணைந்து கிடக்கும் கணினி எழும்பும். நெட்வேர்க் துளையில் இரவில் எரியும் அந்தப் பச்சை விளக்கு சும்மா எரியவில்லை. யாராவது கூப்பிடுகிறார்களா என்று காத்துக்கொண்டிருக்கிறது. கூப்பிடத்தான் ஆளில்லை. இரவு முழுக்கக் கணினியைப் போட்டுவிட்டுப் போகும் அலுவலகங்கள் இருக்கின்றன, தூரத்திலிருந்து நுழைய வேண்டுமாம். 50 வாட் இழுக்கும் ஒரு கணினி பதினாலு மணி நேரம் சும்மா ஓடினால் 0.7 யூனிட். முப்பது நாளைக்கு 21 யூனிட். இது சின்னத் தொகையல்ல.

இதற்கு நேரெதிரான கூத்தும் உண்டு. இரவு இரண்டு மணிக்குக் கணினி தானாக எழும்புகிறது என்று ஒரு வீட்டில் கலவரம். ஒருவர் வைரஸ் என்றார். ஒருவர் ஹேக் பண்ணிவிட்டார்கள் என்றார். மூன்றாமவர் ஓதி ஊதச் சொன்னார். விண்டோஸ் தன் அப்டேட்டுக்காக வைத்த நேரத்துக்கும் எழும்பலாம், மேசை ஆடி மௌஸ் அசைந்தாலும் எழும்பலாம், நெட்வேர்க் கார்ட் எழுப்பினாலும் எழும்பலாம். எதனால் எழும்பியது என்று விண்டோஸிடம் ஒரே வரியில் கேட்டால் அநேகமாகச் சொல்லிவிடும். வேண்டாதவற்றை விண்டோஸிலோ பயோஸிலோ தேடி அணைத்தால் கணினி விடியும்வரை தூங்கும். பிளக்கைப் பிடுங்கிச் சிக்கனம் பார்க்கிறவர்களுக்கும் பயோஸிலேயே மருந்து இருக்கிறது. அணைந்து கிடக்கும் கருவி அரை வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல் சட்டமாக்கியது. அதற்காகப் பல போர்ட்களில் 'இஆர்பி' என்று ஒரு தெரிவு வந்தது. அதைப் போட்டால் நெட்வேர்க்கில் எழுப்புவதெல்லாம் நின்றுபோகும், கரண்டும் மிஞ்சும். ஒரு வாட் என்பது வருடம் முழுக்க ஓடினால் 8.76 யூனிட். இதற்கு எத்தனை பிளக்கை எத்தனை தடவை பிடுங்குவது?

கடைசியில் பாலாவிக் கடையின் பிரச்சினையைத் தீர்த்தது முதலாளியின் மருமகன், உயர்தரம் படிக்கும் பொடியன். கணினியை மறுபடி போட்டு, கீயை அமுக்கி, பவர் பக்கத்தில் அந்த வரியைத் தேடி, 'எழும்பு' என்பதற்கு மாற்றி, சேமித்து வெளியே வந்தான். நின்று பார்த்தவர் ஒரு பிளேன்டி குடித்து முடிக்கவில்லை. பிறகு விண்டோஸை ஒழுங்காக அணைத்துவிட்டு, கடையின் மெயின் சுவிட்சை இறக்கினார்கள். ஒரு நிமிடம் கழித்து ஏற்றினார்கள். மேலே டிவிஆர் பெட்டி 'பீப்' என்றது. கீழே கணினியின் விசிறி சுற்றத் தொடங்கியது. எதுவும் எரியவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பிரின்டரைப் பார்க்க வந்த அதே திருத்துநர், கணினி தானாக எழும்புவதைக் கண்டு திடுக்கிட்டு, பயோஸுக்குள் போய் அந்த வரியைப் பழையபடி மாற்றிவிட்டுப் போனார். பயோஸில் கை வைத்தால் போர்ட் போய்விடும் என்று சொன்னவர், அதில் கை வைத்துத்தான் மாற்றினார். போர்ட் போகவில்லை. "சேஃப்டிக்கு நாநா" என்றாராம்.

அடுத்த மின்வெட்டுக்கு மச்சான் மறுபடியும் மோட்டர் சைக்கிளில் வந்தார்.